படிக்கட்டும் ஹைவேதான்

பினாங்கு தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணியைப் பார்க்க 513 படிகள் ஏறவேண்டும். தைப்பூசத்தன்று காவடியும் பால்குடமும் ஏறுகிற அந்தப் படிக்கட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதும் முறை இது: ஹைவே=ஸ்டெப்ஸ். அதன் கீழே, ஸ்டெப்_கவுண்ட்=513. உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். சைக்கிள்கூடப் போகமுடியாத வழிக்கு ஹைவே என்று பெயரா என்று முதல்முறை பார்க்கிறவருக்குத் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வரைபடத்தில் சாலையோ நடைபாதையோ எதுவானாலும் ஹைவே என்றுதான் தொடங்கும். பினாங்குப் பாலமும் ஹைவே, கொடிமலை ஏறும் ஒற்றையடிப் பாதையும் ஹைவே. எந்த மாதிரி வழி என்பதைச் சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ள சொல் சொல்லிவிடும்.

பினாங்கைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் பெர்லினில் உட்கார்ந்து எழுதிய வழிகாட்டிச் செயலிகூட, சக்கர நாற்காலியில் வருகிறவரை இந்தப் படிகளின் பக்கம் அனுப்பாது. காரோட்டியையும் அனுப்பாது. பெர்லின் படிக்கட்டுகளுக்கு எழுதும் அதே சொற்களைத் தண்ணீர்மலைப் படிகளுக்கும் எழுதினால் போதும். முன்பின் தெரியாத இத்தனை பேர், மேலிருந்து கட்டளையிட யாரும் இல்லாமல், ஒரே பொருளுக்கு ஒரே சொல்லை எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். நம் காலத்தின் பெரிய அதிசயங்களில் இதையும் சேர்க்கவேண்டும் என்பேன்.

ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் இங்கிலாந்தில் இதைத் தொடங்கினார். அந்நாட்டு அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத் தரவு பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்காத காலம் அது. நாமே அளந்து நாமே வரைந்துகொள்வோம் என்று கிளம்பிய முயற்சியில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன் அமைப்பு மிக எளிமையானது. உலகத்தில் உள்ள அத்தனையும் மூன்றே வடிவங்களில் அடங்கிவிடும்: ஒரு புள்ளி, புள்ளிகளைக் கோத்த ஒரு கோடு, இவற்றைச் சேர்த்துக் கட்டும் ஒரு தொகுப்பு. கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொண்டால் அது கட்டடமாகலாம், குளமாகலாம், பள்ளித் திடலாகலாம். எது என்பதை அதன்மேல் எழுதப்படும் குறிச்சொற்கள்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு கேள்வியும் அதற்கொரு விடையும். இடப்பக்கம் கேள்வி, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் விடை. இரு பக்கமும் 255 எழுத்துகள் வரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். மென்பொருள் தடுக்காது.

அரசு வரைபடத் துறைகள் இதற்கு நேர்மாறாக வேலை செய்கின்றன. மலேசியாவில் 2004-இல் எம்எஸ் 1759 என்ற தரநிலை வந்தது. நிலத்தின்மேல் உள்ள பொருள்களுக்கு என்னென்ன குறியீடு, அவற்றின் பண்புகளாக எவற்றைப் பதியவேண்டும் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. துறைகள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள அப்படியொன்று அவசியம். ஆனால் பட்டியலில் இல்லாத பொருள் தெருவில் எதிர்ப்பட்டால், குழு கூடிப் பட்டியலைத் திருத்தும்வரை அது காத்திருக்கவேண்டும். தன்னார்வலர்கள் கண்டதை அன்றைக்கே எழுதும் சுதந்திரத்தைத் தேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சுதந்திரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. பெல் கம்யூனிகேஷன்ஸ் ரிசர்ச் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்னாஸும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்டது. சமையல் குறிப்புகள், விற்பனை விளம்பரங்கள், அன்றாடப் பொருள்கள், கணினியில் எழுத்தைத் திருத்தும் செயல்கள் ஆகியவற்றைக் கொடுத்து, இதற்கு என்ன சொல் பொருந்தும் என்று பலரிடம் கேட்டார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. எல்லோருக்கும் இது தானே தோன்றும் என்று நாம் நினைக்கும் சொல், பெரும்பாலும் நமக்கு மட்டும் தோன்றுவது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஏதாவதொரு தெருமுனையில் உள்ள கோப்பித்தியாமை, அதாவது கோப்பிக்கடையை, எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பி கலக்குகிறவர் கடைக்காரர். வாசலில் குவே தியாவ் பிரட்டுகிறவரும், அடுத்து மீ விற்கிறவரும், கடைக்காரரிடம் இடத்தை வாடகைக்கு எடுத்த வேறு வேறு ஆட்கள். மேசைகள் எல்லோருக்கும் பொது. அமெனிட்டி என்ற கேள்விக்கு இங்கே என்ன விடை எழுதுவது? கோப்பி விற்பதால் கஃபே எனலாம். வயிறார உண்ணுவதால் ரெஸ்டாரண்ட் எனலாம். பல அடுப்புகளும் பொது மேசைகளும் இருப்பதால் ஃபுட்_கோர்ட் எனலாம். ஒவ்வொரு ஒட்டுக்கடைக்கும் தனிப் புள்ளி வைத்து ஃபாஸ்ட்_ஃபுட் என்றும் எழுதலாம். நான்குமே நியாயமான விடைகள். நான்கு பேர் நான்கு விதமாக எழுதிவிட்டால், பசியோடு ஃபுட்_கோர்ட் என்று தேடுகிறவரின் கைப்பேசியில் தெருவின் முக்கால்வாசிக் கடைகள் இல்லாமல் போய்விடும்.

பிறகு எப்படித்தான் சொற்கள் ஒன்றுகூடுகின்றன? டேமன் சென்டோலா, ஆண்ட்ரியா பரோன்கெல்லி இருவரும் 2015-இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு சாளரம் திறந்தது. அறிமுகமில்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, இவருக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சுற்றுக்குச் சுற்று ஆள்களை இருவர் இருவராகச் சேர்த்தார்கள். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் சிறு பணப்பரிசு, மாறினால் நஷ்டம். மொத்தம் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் யாரோடும் சேரலாம் என்று அமைந்த குழுக்களில், தலைவர் இல்லாமல், கூட்டம் போடாமல், ஒரே பெயர் எல்லோரிடமும் வந்து நின்றது. பக்கத்தில் இருப்பவரோடு மட்டுமே சேரமுடியும் என்று அமைந்த குழுக்களில் பேட்டைக்கொரு பெயர் ஊன்றிக்கொண்டது.

இரண்டாவது முடிவுதான் வரைபடக்காரர்கள் அஞ்சவேண்டியது. ஜெர்மனியில் வரைகிறவர் ஜெர்மன் ஊர்களையே பார்த்துப் பழகுவார், பினாங்கில் வரைகிறவர் பினாங்கை. பேட்டைகளைக் கலக்கவைக்க ஏதாவது வேண்டும். அப்படி வந்த கருவிகளில் முக்கியமானது டேக்இன்ஃபோ என்ற தளம். யோகன் டாப்ஃப் என்ற ஜெர்மானியர் 2010-இல் உருவாக்கியது. எந்தக் குறிச்சொல் உலகில் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது, எந்த நாடுகளில் அது அடர்ந்திருக்கிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்றெல்லாம் எண்ணிக் காட்டும். ரெஸ்டாரண்ட் என்பதை எத்தனை விதமாக எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். ஒரு சொல்லை எழுதும் முன் பத்து நொடி அங்கே பார்த்தால், உலகம் முழுவதும் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சோதனையில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்த தகவல் இங்கே எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

புதிய குறிச்சொல் வேண்டுமென்றால் முறையாக முன்மொழியவும் வழி உண்டு. இந்தப் பொருள் இது, இப்படி எழுதலாம், ஏற்கெனவே உள்ள சொல் இதனால் போதவில்லை என்று விளக்கி எழுதி, குறைந்தது இரண்டு வாரம் கருத்துக் கேட்கவேண்டும். பிறகு இரண்டு வாரம் வாக்கெடுப்பு. குறைந்தது 8 ஆதரவு வாக்கும், மொத்தத்தில் 75 விழுக்காடு ஆதரவும் இருந்தால் ஏற்கப்பட்டதாகக் கொள்வார்கள். உலக வரைபடத்தில் ஒரு சொல்லை நிறுத்த எட்டுப் பேர் போதுமா என்று மலைக்கவேண்டாம். வாக்கில் வென்றும் யாரும் எழுதாமல் வாடிப்போன சொற்கள் உண்டு. வாக்கெடுப்புக்கே போகாமல் லட்சக்கணக்கில் பரவிய சொற்களும் உண்டு. வாக்கு ஒரு பரிந்துரைதான். உலகில் எங்கோ ஒரு தெருவில் நின்று ஒருவர் அதை எடுத்து எழுதும்போதுதான் அது உயிர் பெறுகிறது.

இதைவிடச் சத்தமில்லாத அதிகாரம் ஒன்று திருத்தக் கருவிகளிடம் இருக்கிறது. 2013-இல் வந்த ஐடி என்ற கருவியில் புதிதாக வருகிறவர் குறிச்சொல்லையே பார்க்கத் தேவையில்லை. பட்டியலில் படத்தோடு இருக்கும் ‘படிக்கட்டு’ என்பதைத் தொட்டால், பின்னால் ஹைவே=ஸ்டெப்ஸ் தானாக எழுதப்பட்டுவிடும். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உபாயம் இல்லை. ஆனால் பட்டியலில் எது முதலில் வருகிறது, எது இல்லவே இல்லை என்பதைப் பொறுத்து ஓர் ஊரின் முகமே மாறிவிடும். இந்த வரைபடத்தின் அடிப்படைச் சொற்கள் இங்கிலாந்தில் பிறந்தவை. டிரங்க், பிரைமரி, செகண்டரி என்று சாலைகளைத் தரம் பிரிப்பது பிரிட்டனின் சாலை வகைப்பாட்டில் இருந்து வந்த பழக்கம். பப் என்பதற்குத் தொடக்க காலத்திலேயே சொல் கிடைத்துவிட்டது. நம் ஊர்ப் பொருள்களுக்கு நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கேட்டு வாங்குவது என்றால் எவ்வளவு கவனமாக யோசிக்கவேண்டும் என்பதற்கு நாகூர் தர்காக்களைப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் ஹமீது நாயகம் அடங்கிய இடம் நாகூர். கடல் கடந்து வணிகம் செய்யப்போன தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் நினைவாகப் பினாங்கில் சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் ஒரு தர்காவை எழுப்பினார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் இன்னொன்று. இந்த இரண்டிலும் அடக்கத்தலம் கிடையாது. சிங்கப்பூர்க் கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. மூன்றும் ஒரே மரபு, ஒரே பெயர். ஆனால் மூன்றுக்கும் ஒரே குறிச்சொற்களை எழுதினால் மூன்றுமே பொய்யாகிவிடும்.

இங்கேதான் வரைபடக்காரர்கள் பல வருடப் பேச்சுவார்த்தையில் கண்டடைந்த ஒரு நுட்பம் கைகொடுக்கிறது. ஒரு கட்டடம் என்னவாகக் கட்டப்பட்டது என்பது ஒரு கேள்வி. இன்று அதற்குள் என்ன நடக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வி பில்டிங். இரண்டாவது கேள்விக்கு அமெனிட்டி, டூரிஸம், ஷாப் என்று பல பெயர்கள். ஆகவே மினாராக்களோடு நிற்கும் சிங்கப்பூர்க் கட்டடத்துக்கு, கட்டப்பட்ட வடிவத்தை மாற்றாமல், டூரிஸம்=மியூசியம் என்று எழுதலாம். பினாங்கு தர்காவுக்கு அமெனிட்டி=பிளேஸ்_ஆஃப்_வொர்ஷிப், ரிலிஜன்=முஸ்லிம். நாகூருக்கு இவற்றோடு உள்ளே ஒரு புள்ளி வைத்து ஹிஸ்டாரிக்=டூம் என்றும் எழுதவேண்டும். பினாங்கு தர்காவின் மேல் அவசரத்தில் பில்டிங்=மாஸ்க் என்று ஒருவர் எழுதிவிட்டால், பள்ளிவாசல்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் செயலி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வெளியூர்க்காரரை அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அவர் போகவேண்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801-இல் தொடங்கியது, சற்று தள்ளி இருக்கிறது.

அந்தப் பள்ளிவாசல் இருக்கும் சாலையிலேயே இன்னும் கடினமான ஒன்று உண்டு. குவான் யின் கோயிலில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே நின்று ரிலிஜன் என்ற கேள்விக்கு விடை தேடினால் பௌத்தம், தாவோயிசம், சீன நாட்டார் வழிபாடு மூன்றுமே அங்கே இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிக் குறிச்சொல் விடைகள் உண்டு. அரைப்புள்ளி போட்டு மூன்றையும் எழுதலாம்தான். ஆனால் பல மென்பொருள்கள் அரைப்புள்ளியைக் கண்டதும் அதை அறியாத மதமாகக் கொண்டு ஒதுக்கிவிடும். அங்கே கும்பிட வருகிறவர்களுக்கு இந்தப் பிரிவினை தேவைப்படவே இல்லை. பெட்டி ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக ஒரு சமூகத்தின் வழிபாட்டை ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பது எனக்கு உறுத்துகிறது. ஒன்றைத்தான் எழுதவேண்டும் என்றால் சீன நாட்டார் வழிபாடு என்பதே அங்கே நடப்பதற்கு நெருக்கமானது என்பேன். குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை: ரிலிஜன்=ஹிந்து, ஸ்டார்ட்_டேட்=1833 என்று எழுதிவிட்டு நகரலாம்.

காட்டை எழுதுவதில் உலகத்துக்கே இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. மரம் அடர்ந்த நிலத்தை நேச்சுரல்=வுட் என்றும் எழுதலாம், லேண்ட்யூஸ்=ஃபாரஸ்ட் என்றும் எழுதலாம். இயற்கையாக வளர்ந்தது முதலாவது, மரத்துக்காக மனிதர் பேணுவது இரண்டாவது என்று சிலர் பிரிக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று பலர் எழுதுகிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பினாங்குக் கொடிமலைக்கு எந்தச் சொல் என்பது, எந்த வழக்கறிஞரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெயர்களில் ஒழுங்கு ஓரளவு நிலைத்துவிட்டது. இடத்தில் நிற்கும் பலகையில் உள்ளது முதன்மைப் பெயர். பழைய பெயருக்குத் தனி இடம். பிட் ஸ்ட்ரீட் இன்றைக்கு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ஆகிவிட்டாலும், பழைய பெயரைச் சொல்லித் தேடுகிற முதியவருக்கும் வழி கிடைக்கும். நேம் என்ற கேள்விக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் டிஏ என்ற மொழிக்குறியும் சேர்த்தால் தமிழ்ப் பெயருக்கு இடம் கிடைக்கும். தண்ணீர்மலை என்று ஊரே சொல்லும் பெயர் வரைபடத்தில் தேடக்கிடைப்பது அந்த ஓர் இடத்தை யாராவது நிரப்புவதைப் பொறுத்தது.

பெரும் சோதனை என்பது திரையில் தெரியவேண்டும் என்ற ஆசை. வரைபடத்தைப் படமாக்கும் மென்பொருள் சில குறிச்சொற்களுக்கு மட்டுமே சின்னம் வைத்திருக்கும். ஒருவர் ஒழுங்காக எழுதிய பொருள் திரையில் தோன்றாது. உடனே, தோன்றக்கூடிய வேறொரு சொல்லாக அதை மாற்றிவிடத் தோன்றும். அப்படி மாற்றியதும் அவர் கண்ணுக்கு வரைபடம் நிறைந்துவிடுகிறது. தரவை எண்ணிப் பார்க்கிறவருக்கோ இல்லாத ஒன்று முளைத்துவிடுகிறது. படத்துக்காகப் பொய் எழுதாதே என்பதை மூத்த வரைபடக்காரர்கள் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவர்கள் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே தொட்டுக் காட்டும் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல்தான் எழும்பியது. அதற்கு முன் வருடக்கணக்காகத் தெருக்களைத் தெருக்கள் என்றே ஒரே மாதிரி எழுதி வைத்தவர்கள் இருந்ததால் அது முடிந்தது.

பினாங்கின் சொந்தச் சிக்கலுக்கு வருகிறேன். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மையப் பகுதி மட்டும் 109 ஹெக்டேர். அங்கே வரிசை வரிசையாக நிற்கும் கடைவீடுகளின் முன்னால் ஓடுகிறது அஞ்சடி: மாடி மேலே நீண்டிருக்க, அதன் கீழே தூண்களுக்கும் கடைவாசலுக்கும் இடையே வெயில் மழை படாமல் நடக்கும் வழி. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் தெருவின் இருபுறமும் இப்படித் தொடர்ச்சியான மூடிய வழி வேண்டும் என்று விதித்தார். பிறகு நீரிணைக் குடியேற்றங்களின் ஊர்களெங்கும் அந்த அமைப்பு வேரூன்றியது.

செயற்கைக்கோள் படத்தில் அஞ்சடி தெரியாது. ஓட்டுக் கூரை மட்டும் தெரியும். படத்தைப் பார்த்துச் சாலையைக் கண்டுபிடிக்கும் இயந்திரங்களுக்கும் அது தெரியாது. எழுதும் முறை மட்டும் தயாராக இருக்கிறது: ஹைவே=ஃபுட்வே, கவர்ட்=ஆர்கேட். தெருவோடு சேர்த்து இருபுறமும் நடைபாதை உண்டு என்று ஒரே வரியில் முடித்துவிடவும் செய்யலாம். அது சீக்கிரம் முடியும், ஆனால் கூரை இருக்கிறதா என்ற செய்தி போய்விடும். ஒரு தெருவில் கவர்ட்=ஆர்கேட், அடுத்த தெருவில் கவர்ட்=எஸ், அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை என்று எழுதினால், மழையில் நனையாமல் லிட்டில் இந்தியாவுக்குப் போக வழி கேட்கிறவருக்குச் செயலி பாதி வழியோடு நின்றுவிடும்.

இன்னொரு கேள்வி சட்டத்தைத் தொடுகிறது. அஞ்சடியின் தரை கடைக்காரரின் மனையில் சேர்ந்தது, நடப்பதோ ஊர். நடக்கும் உரிமை பொதுமக்களுடையது என்றால் ஆக்ஸஸ்=எஸ். உரிமையாளர் பெருந்தன்மையாக விட்டிருக்கிறார் என்றால் ஆக்ஸஸ்=பெர்மிஸிவ். ஒரு சொல்லில் அவ்வளவு வித்தியாசம். வழியை விடவேண்டும் என்பதற்காகவே விதி போட்டுக் கட்டப்பட்டவை இவை என்பதால் என் வாக்கு முதலாவதுக்கு.

கடைக்குக் கடை தரை உயரம் மாறுவதும் அது அந்தந்தக் கடைக்காரரின் மனையில் சேர்ந்தது என்பதால்தான். ஒரு வாசல் பழைய பூவோட்டுத் தரை, அடுத்தது அரையடி உயர்த்திய சிமெண்டு, அதற்கடுத்தது சரிவு. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் அந்த அரையடிதான் செய்தி. ஆகவே அஞ்சடியை ஒரே நீளக் கோடாக வரைந்தால் போதாது; படி வரும் இடத்தில் கோட்டை வெட்டி, அந்தத் துண்டுக்கு ஹைவே=ஸ்டெப்ஸ் என்றும், படியில்லாத துண்டுகளுக்கு வீல்சேர்=எஸ் அல்லது வீல்சேர்=லிமிட்டெட் என்றும் எழுதவேண்டும். மோட்டார்சைக்கிள்களும் அடுக்கிய நாற்காலிகளும் நாளைக்கு நகர்ந்துவிடும், அவற்றை எழுதவேண்டாம். தூணும் படியும் நகராது. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் வெட்டுவது என்பதை, அந்த வழியாகக் கோப்பி குடிக்கப் போகிறவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துக் கைப்பேசியில் குறித்துக்கொண்டால் ஆயிற்று.